பிழையாக நிரப்பப்பட்ட காசோலைகளும் வங்கி நடைமுறையும்

காசோலை என்பது வாடிக்கையாளர் ஒருவர் தம் வங்கிக்கு எழுத்து வடிவில் இடும் கட்டளை ஆகும். தம் கணக்கிலிருந்து குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட நபருக்கு வழங்குமாறு அது வங்கியைப் பணிக்கிறது. தேதி, பெறுநர் பெயர், எழுத்தாலும் எண்ணாலும் தொகை, கையொப்பம் ஆகியவற்றுள் ஒன்று விடுபட்டாலோ, தவறாக எழுதப்பட்டாலோ, அடித்துத் திருத்தப்பட்டாலோ அது பிழையாக நிரப்பப்பட்ட காசோலை எனப்படும்.

இந்தியாவில் இத்தகைய காசோலைகளை வங்கிகள் கையாளும் முறை, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, இந்திய ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகள், தீர்வக விதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் அடிப்படையில் அமைந்துள்ளது. வாடிக்கையாளரின் பிழையை வங்கி தானாகத் திருத்திப் பணம் வழங்குவதில்லை. கட்டளையில் ஐயம் இருந்தால் காரணம் குறித்துத் திருப்பி அனுப்புவதே பொது நடைமுறை.

திருப்பி அனுப்பப்படுவதற்கான அடிப்படை

ஒவ்வொரு காசோலையிலும் வங்கி இரு பக்கப் பொறுப்பை ஏற்க வேண்டியுள்ளது. கணக்கில் போதிய பணம் இருந்து, காசோலையும் முறையாக இருந்தால், வங்கி பணம் வழங்கியே ஆக வேண்டும். காரணமின்றி மறுத்தால், அதனால் காசோலை எழுதியவருக்கு நேரும் இழப்பை வங்கி ஈடுசெய்ய வேண்டும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31ஆம் பிரிவு கூறுகிறது.

மறுபுறம், வாடிக்கையாளர் இடாத கட்டளைக்குப் பணம் வழங்கிவிட்டால், அத்தொகையை அவர் கணக்கில் பற்று வைக்கும் உரிமை வங்கிக்கு இல்லை. சட்டம் கூறும் முறைப்படி, நல்லெண்ணத்துடனும் கவனக்குறைவின்றியும் வழங்கிய பணத்துக்கு மட்டுமே வங்கிக்குப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே, பிழையுள்ள காசோலையைக் காணும் வங்கி அலுவலர், எழுதியவரின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் செயல்படுவதில்லை. தாளில் எழுதியிருப்பது ஐயத்துக்கு இடமில்லாத கட்டளையா என்பதையே பார்க்கிறார். வேறு காசோலை எழுதிப் பெற்றால் திருப்பியதன் விளைவைச் சரிசெய்ய இயலும். தவறான நபருக்குச் சென்ற பணத்தை மீட்பது அவ்வளவு எளிதன்று.

காசோலை சரிபார்க்கப்படும் நிலைகள்

ஒரு காசோலை பொதுவாக இரு வங்கிகளின் பார்வைக்கு வருகிறது. பெறுநர் தம் கணக்கில் செலுத்தும் வங்கி வசூலிக்கும் வங்கி எனவும், காசோலை எழுதியவரின் கணக்கு உள்ள வங்கி பணம் வழங்கும் வங்கி எனவும் அழைக்கப்படும்.

வசூலிக்கும் வங்கி முதலில் பெறுநர் பெயரும் கணக்குப் பெயரும் பொருந்துகின்றனவா, தேதி உள்ளதா, கண்ணுக்குத் தெரியும் திருத்தங்கள் உள்ளனவா என்று பார்க்கிறது. கோடிட்ட காசோலையை நல்லெண்ணத்துடனும் கவனக்குறைவின்றியும் வசூலித்தால் மட்டுமே சட்டத்தின் 131ஆம் பிரிவு அவ்வங்கியைப் பாதுகாக்கிறது. வெளிப்படையான பிழை இருந்தால், வங்கி முகப்பிலேயே காசோலை திருப்பித் தரப்படுவதும் உண்டு.

அடுத்து காசோலை சி.டி.எஸ். எனப்படும் படவழித் தீர்வு முறைக்குள் செல்கிறது. இம்முறை 2008 பிப்ரவரியில் புது தில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013 ஏப்ரலில் மும்பையிலும் தொடங்கப்பட்டது. இதில் காசோலைத் தாள் பணம் வழங்கும் வங்கிக்குச் செல்வதில்லை. தாள் வசூலிக்கும் வங்கியிலேயே தங்கிவிட, அதன் முன்பக்க, பின்பக்கப் படங்களும், அடிப்பகுதியில் காந்த மையால் அச்சிடப்பட்ட எண்களின் விவரமும் மட்டும் மின்னணு வழியில் அனுப்பப்படுகின்றன.

பணம் வழங்கும் வங்கி அப்படத்தைக் கொண்டு தேதி, தொகை, கையொப்பம் ஆகியவற்றைச் சரிபார்த்து, ஏற்கவோ மறுக்கவோ செய்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைப் படங்கள் தொகுதிகளாக அல்லாமல் தொடர்ச்சியாக அனுப்பப்படும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் முதற்கட்டம் தொடங்கியபோது, காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அனுப்பப்பட்ட காசோலைகளுக்கு அன்று இரவு 7 மணிக்குள் பணம் வழங்கும் வங்கி தன் முடிவைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவிக்காவிட்டால் காசோலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். நேரம் குறுகியதால், ஐயமான காசோலை குறித்து எழுதியவரிடம் கேட்டுத் தெளிவு பெறும் வாய்ப்பும் குறைகிறது.

பிழை வகைகளும் வங்கியின் முடிவும்

தேதிப் பிழைகள்

தேதி இல்லாத காசோலைக்கு வங்கி பணம் வழங்குவதில்லை. எதிர்வரும் நாளைக் குறிக்கும் பின்தேதியிட்ட காசோலைக்கும் அந்த நாள் வரும்வரை பணம் வழங்கப்படாது. அந்நாளுக்கு முன்பே வங்கி பணம் வழங்கிவிட்டு, இடைப்பட்ட காலத்தில் எழுதியவர் பணம் வழங்குவதை நிறுத்துமாறு உத்தரவிட்டால், இழப்பு வங்கியைச் சாரும்.

காசோலை, அதில் எழுதப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்கு மட்டுமே செல்லும். முன்பு ஆறு மாதங்களாக இருந்த இக்காலம், 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியால் மூன்று மாதங்களாகக் குறைக்கப்பட்டது. சனவரி மாதத்தில் பழக்கத்தால் முந்தைய ஆண்டை எழுதிவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. எடுத்துக்காட்டாக, 5.1.2026 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.1.2025 என்று எழுதினால், எழுதிய நாளிலேயே அது காலாவதியான காசோலையாகி விடுகிறது.

சூன் 31 போன்று நாட்காட்டியில் இல்லாத தேதி எழுதப்பட்டிருந்தால், அம்மாதத்தின் கடைசி நாளாகக் கொள்வது வங்கியியலில் உள்ள வழக்கம். எனினும், படத்தைக் கொண்டு முடிவெடுக்கும் அலுவலர் அதைச் சரியான தேதியற்றது எனத் திருப்பவும் கூடும். ஞாயிற்றுக்கிழமையோ விடுமுறை நாளோ தேதியாக இருப்பது பிழையன்று.

தொகைப் பிழைகள்

எழுத்தால் எழுதிய தொகையும் எண்ணால் எழுதிய தொகையும் வேறுபட்டால், எழுத்தால் எழுதியதே உரிய தொகை என்று சட்டத்தின் 18ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. எண்ணில் ஓர் இலக்கம் கூடுவதும் குறைவதும் எளிது. எழுத்தில் அவ்வாறு நேர்வது அரிது என்பதே இதன் காரணம்.

ஆனால் நடைமுறையில் வங்கிகள் பெரும்பாலும் இத்தகைய காசோலையை ‘எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபடுகிறது’ என்ற காரணத்துடன் திருப்பி அனுப்புகின்றன. எண்ணில் 15,000 என்றும், எழுத்தில் ‘பதினைந்து ரூபாய் மட்டும்’ என்றும் எழுதப்பட்ட காசோலையைக் கொள்ளலாம். ‘ஆயிரம்’ என்ற சொல் விடுபட்டிருப்பது பார்ப்பவருக்குப் புரியும். சட்டத்தின் சொற்படி வழங்க வேண்டியது 15 ரூபாய். எழுதியவரின் எண்ணம் 15,000 ரூபாயாக இருக்கலாம். முதல் தொகையை வழங்கினால் இரு தரப்பினருக்கும் பயனில்லை. இரண்டாவது தொகையை வழங்கினால் அதற்குச் சட்டத்தின் துணையில்லை. எனவே வேறு காசோலை பெற்றுவரச் சொல்வதே வங்கிக்குப் பாதுகாப்பான வழியாகிறது.

பெறுநர் பெயர்ப் பிழைகள்

பெயரில் ஓரிரு எழுத்துகள் மாறியிருந்து, ஆள் யார் என்பதில் ஐயம் இல்லையெனில், வசூலிக்கும் வங்கி தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதுண்டு. பெயர் முற்றிலும் வேறுபட்டால் ஏற்பதில்லை. ‘கணக்கில் மட்டும் செலுத்துக’ என்று கோடிட்ட காசோலையை, அதில் பெயர் உள்ளவரின் கணக்கைத் தவிர வேறொருவர் கணக்கில் வரவு வைக்க ரிசர்வ் வங்கி தடை விதித்துள்ளது.

தமிழர் பெயர்களில் தலைப்பெழுத்து தனிச் சிக்கலைத் தருகிறது. வங்கிக் கணக்கில் ‘கு. முருகன்’ என்று இருப்பவருக்கு, தந்தை பெயரை விரித்து ‘முருகன் குப்புசாமி’ என்று காசோலை எழுதப்படலாம். இருவரும் ஒருவரே என்பதற்கு அடையாளச் சான்று கேட்பதா, காசோலையைத் திருப்புவதா என்பது வங்கியின் முடிவைப் பொறுத்தது. வங்கிக் கணக்கில் உள்ளவாறே பெயரைக் கேட்டு எழுதுவது இச்சிக்கலைத் தவிர்க்கும்.

கையொப்பப் பிழைகள்

கையொப்பம் இல்லாத தாள் சட்டப்படி காசோலையே ஆகாது. கையொப்பம் வங்கியிலுள்ள மாதிரியுடன் பொருந்தாவிட்டாலும், கூட்டுக் கணக்கில் தேவையான இருவருள் ஒருவர் மட்டும் ஒப்பமிட்டாலும், நிறுவனக் காசோலையில் அதிகாரம் பெற்றவர் ஒப்பமிடாவிட்டாலும் காசோலை திருப்பப்படும். முதுமையாலும் நோயாலும் கையெழுத்து மாறுவது இயல்பு. அத்தகையோர் வங்கியில் புதிய மாதிரிக் கையொப்பம் பதிவு செய்து கொள்ளலாம்.

அடித்தலும் திருத்தலும்

முற்காலத்தில் தவறாக எழுதியதை அடித்துவிட்டு, அருகில் முழுக் கையொப்பம் இட்டால் வங்கிகள் ஏற்றுக்கொண்டன. 2010இல் ரிசர்வ் வங்கி இதை மாற்றியது. படவழித் தீர்வு முறைக்குச் செல்லும் காசோலைகளில், தேதியைச் செல்லத்தக்கதாக்கும் திருத்தம் தவிர வேறு எத்திருத்தமும் கூடாது. பெறுநர் பெயரோ தொகையோ மாற வேண்டுமெனில் புதிய காசோலைத் தாளையே பயன்படுத்த வேண்டும் என அறிவுறுத்தியது.

தாளைக் கையில் வைத்துப் பார்த்தால், சுரண்டிய இடமும் மை மாறிய இடமும் தெரியும். திரையில் காணும் படத்தில் அவை தெரியாமல் போகலாம். எனவே, உரியவர் செய்த நேர்மையான திருத்தத்தையும் பிறர் செய்த மோசடித் திருத்தத்தையும் பிரித்தறிவது கடினம். இத்தடை படவழித் தீர்வுக்கு மட்டுமே உரியது. கிளையிலேயே நேரில் பணம் பெறும் காசோலைகளுக்கு இது பொருந்தாது என்றாலும், அங்கும் திருத்தப்பட்ட காசோலையை ஏற்கச் சில வங்கிகள் தயங்குகின்றன.

காசோலையின் இடது மேல் மூலையில் இரு கோடுகள் இடுவது திருத்தமாகக் கருதப்படுவதில்லை. கோடிடப்படாத காசோலைக்குப் பெறுநரே கோடிட்டுக் கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

பிழையெனத் தவறாகக் கருதப்படுபவை

பிழையல்லாத சிலவற்றைப் பிழையெனக் கருதி வாடிக்கையாளர்கள் தயங்குவதுண்டு. சில நேரங்களில் வங்கி ஊழியர்களும் மறுப்பதுண்டு.

* தமிழில் எழுதுதல்: காசோலைத் தாள்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டாலும், வாடிக்கையாளர் அவற்றை இந்தி, ஆங்கிலம், அந்தந்த வட்டார மொழி ஆகியவற்றுள் எதிலும் நிரப்பலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. தமிழ்நாட்டில் தமிழில் எழுதிய காசோலையை மொழியைக் காரணம் காட்டித் திருப்ப இடமில்லை.
* சக ஆண்டுத் தேதி: இந்திய அரசின் தேசிய நாட்காட்டியான சக ஆண்டின்படி இந்தியில் தேதியிட்ட காசோலைகளையும், மற்றவை சரியாக இருந்தால், வங்கிகள் ஏற்கலாம்.
* பைசா: 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 சூன் 30 முதல் செல்லாதவையாயின. எனினும், ரூபாயின் பகுதியைக் கொண்ட காசோலைகளை வங்கிகள் மறுக்கக் கூடாது.
* மையின் நிறம்: குறிப்பிட்ட நிற மையால் மட்டுமே எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை. படத்தில் தெளிவாகத் தெரியும், எளிதில் அழியாத மையாக இருப்பது நல்லது.

இடைவெளியும் மோசடியும்

விட்டுவிட்ட இடைவெளியும் ஒரு வகைப் பிழையே. அதை வங்கியால் கண்டறிய இயலாது என்பதால், அதன் விளைவு பெரும்பாலும் வாடிக்கையாளரையே சேர்கிறது. மோசடியால் பணம் போனால் இழப்பை ஏற்பவர் யார் என்பதை மூன்று வழக்குகள் விளக்குகின்றன.

1918இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த லண்டன் ஜாயின்ட் ஸ்டாக் வங்கி எதிர் மேக்மில்லன் அண்ட் ஆர்தர் வழக்கில், ஒரு நிறுவனத்தின் எழுத்தர் 2 பவுண்டுக்கான காசோலையில் பங்குதாரரிடம் கையொப்பம் பெற்றார். எழுத்தால் தொகை எழுதும் இடம் வெற்றாக இருந்தது; எண்ணின் இரு பக்கமும் இடைவெளி இருந்தது. கையொப்பம் பெற்றபின் எழுத்தர் அதை 120 பவுண்டாக மாற்றிப் பணம் பெற்றார். மோசடிக்கு இடம்தராதவாறு காசோலையைக் கவனத்துடன் எழுதுவது வாடிக்கையாளரின் கடமை என்றும், அக்கடமையில் தவறியதால் இழப்பு அவரையே சாரும் என்றும் தீர்ப்பளிக்கப்பட்டது.

கனரா வங்கி எதிர் கனரா சேல்ஸ் கார்ப்பரேசன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1987இல் வேறொரு நிலையை ஆராய்ந்தது. அங்குக் கையொப்பமே போலியானது. போலிக் கையொப்பம் கொண்ட காசோலை வாடிக்கையாளரின் கட்டளையே அன்று என்பதால், கணக்கில் பற்று வைக்க வங்கிக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் கூறியது. கணக்கு அறிக்கைகளை வாடிக்கையாளர் நெடுநாள் சரிபார்க்காதிருந்தது மட்டுமே வங்கியை விடுவித்துவிடாது என்றும் கூறியது.

பாங்க் ஆப் மகாராட்டிரா எதிர் ஆட்டோமோட்டிவ் எஞ்சினியரிங் கம்பெனி வழக்கில், காசோலையில் செய்யப்பட்ட திருத்தம் கண்ணுக்குத் தெரியாத வகையில் இருந்தது. புற ஊதாக் கதிர் விளக்கால் சோதிக்கவில்லை என்பதற்காக மட்டும் வங்கி கவனக்குறைவாக நடந்ததாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வெளிப்படையாகத் தெரியாத திருத்தமுள்ள காசோலைக்கு முறைப்படி பணம் வழங்கிய வங்கியைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு பாதுகாக்கிறது.

இத்தகைய மோசடிகளைத் தடுக்க, 2021 சனவரி 1 முதல் ‘பாசிட்டிவ் பே’ என்னும் முன்னுறுதி முறை நடைமுறையில் உள்ளது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலை எழுதுபவர், அதன் எண், தேதி, பெறுநர் பெயர், தொகை ஆகியவற்றைத் தம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். 5 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு வங்கிகள் இதைக் கட்டாயமாக்கலாம். தெரிவித்த விவரத்துடன் காசோலை பொருந்தாவிட்டால், அது இரு வங்கிகளின் கவனத்துக்கும் கொண்டுவரப்படும்.

திருப்பப்பட்ட பின்

திருப்பப்படும் காசோலையுடன், மறுப்புக்கான காரணத்தைக் குறிக்கும் சீட்டு தரப்படும். இது வழக்கில் ‘ரிட்டர்ன் மெமோ’ எனப்படுகிறது. காரணங்களுக்குத் தீர்வக விதிகளில் தனித்தனிக் குறியெண்கள் உள்ளன. வாடிக்கையாளர் பிழை செய்த நிலையில் மட்டுமே திருப்பல் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. படம் தெளிவாக இல்லாமை போன்ற, வங்கிகளுக்கு இடையிலான குறையால் திரும்பினால், பெறுநரை நாடாமலேயே அடுத்த தீர்வில், 24 மணி நேரத்துக்குள் மீண்டும் அனுப்பி, அவருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்ப வேண்டும்.

காசோலை திரும்பியதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. பெறுநர் புதிய காசோலையோ வேறு வழியில் பணமோ கேட்கலாம். ஆனால் கல்விக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வரி போன்று கடைசி நாள் குறிக்கப்பட்ட செலுத்தல்களில், ஒரு சொல் விடுபட்டதால் நாள் தவறிப்போகக் கூடும். தண்டக் கட்டணம் செலுத்தவோ உரிமை இழக்கவோ நேரலாம்.

கணக்கில் போதிய பணம் இல்லாமல் காசோலை திரும்புவது சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி குற்றமாகலாம். இதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் பெறுநர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதைப் பெற்ற 15 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

தேதியோ தொகையோ தற்செயலாகத் தவறாக எழுதப்பட்ட காசோலை திரும்புவது பொதுவாக இப்பிரிவின் கீழ் வராது. ஆனால் பிழையைக் கருவியாக்கிப் பணம் தராமல் தப்ப முயல்வதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. லட்சுமி டைகெம் எதிர் குசராத் மாநிலம் வழக்கில், கையொப்பம் பொருந்தவில்லை என்று திரும்பிய காசோலைகளுக்கும் 138ஆம் பிரிவு பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை விரும்பிக் கொடுத்தவர், மற்ற விவரங்களைப் பிறர் நிரப்பினர் என்பதை மட்டும் கூறித் தப்ப இயலாது என்று பீர்சிங் எதிர் முகேசு குமார் வழக்கில் 2019இல் கூறப்பட்டது.

முறையான காசோலையை வங்கி தவறாகத் திருப்பினால், வாடிக்கையாளர் முதலில் அவ்வங்கியிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

காசோலை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

* தேதியை அதற்குரிய எட்டுக் கட்டங்களில், ஆண்டைச் சரிபார்த்து எழுதுதல்.
* பெறுநர் பெயரை அவருடைய வங்கிக் கணக்கில் உள்ளவாறே எழுதி, மீதி இடத்தில் கோடிடுதல்.
* தொகையை இடது ஓரத்திலிருந்து இடைவெளியின்றித் தொடங்கி, முடிவில் ‘மட்டும்’ என்று எழுதுதல்.
* எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிடுதல்.
* அடிப்பகுதியில் காந்த மை எண்கள் உள்ள வெள்ளைப் பட்டையில் எதுவும் எழுதாதிருத்தல்; அங்கு மடிக்கவோ கம்பி ஊசி குத்தவோ கூடாது.
* பிழை நேர்ந்தால் திருத்தாமல், குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதிவிட்டு, புதிய தாளைப் பயன்படுத்துதல்.
* பெறுநர் காசோலையைப் பெற்றுக்கொண்ட இடத்திலேயே படித்துப் பார்த்தல். எழுதியவர் எதிரில் இருக்கும்போது புதிய தாள் பெறுவது எளிது.